பிரிட்டிஷ் கடற்கரைச் சுவரொட்டிகளில் நவீனத்துவம்

பிரிட்டிஷ் கடற்கரைச் சுவரொட்டிகள் என்பவை இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பிரிட்டனின் ரயில் நிறுவனங்கள் கடற்கரை ஊர்களுக்குப் பயணிகளை ஈர்ப்பதற்காக அச்சிட்ட வண்ண விளம்பரங்கள். இவற்றில் 1923க்கும் 1939க்கும் இடையில் வெளிவந்தவை வடிவமைப்பு வரலாற்றில் தனி இடம் பெறுகின்றன. ஓவியக் கூடங்களுக்குள் ஒரு சிறு வட்டத்தினர் மட்டுமே பார்த்துவந்த நவீனத்துவக் காட்சிமொழி ரயில் நிலையச் சுவர் வழியாகப் பொதுமக்களின் அன்றாடப் பார்வைக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே நிறுவனத்துக்காக டாம் பர்விஸ் வரைந்த கிழக்குக் கடற்கரைச் சுவரொட்டிகள் இதன் உச்சமாகக் கருதப்படுகின்றன. இந்தக் கட்டுரை அவற்றை மையமாகக் கொண்டு, அந்த நவீனத்துவம் எதைச் சாதித்தது, எதை மறைத்தது என்பதை ஆராய்கிறது.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ரயில் விளம்பரம் என்பது பெரும்பாலும் எழுத்துதான். புறப்படும் நேரம், கட்டணம், ஊர்ப்பெயர்கள் ஆகியவை பலவகை எழுத்துருக்களில் ஒரே தாளில் நெருக்கி அச்சிடப்பட்டன. வண்ணக் கல்லச்சு மலிவானபோது படங்கள் வந்தன. ஆனால் அந்தப் படங்களும் எழுத்து விளம்பரத்தின் பழக்கத்தையே தொடர்ந்தன. கடற்பாலம், தேவாலயம், தங்கும் விடுதி, பூங்கா, குளிக்கும் பெண்கள் என்று ஊரில் உள்ள எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கட்டங்களில் வரைந்து, பூவேலைப்பாடு போட்டு இணைத்தன. நின்று நிதானமாகப் படிப்பவருக்கு அவை ஏற்றவை. நடைமேடையில் விரைந்து நடப்பவர் கண்ணில் அவை வெறும் வண்ணக் குழப்பமாகவே தெரிந்திருக்கும்.

இதே காலத்தில் சுவரொட்டிக் கலையில் வேறொரு போக்கும் உருவாகிவந்தது. 1890களில் வில்லியம் நிக்கல்சன், ஜேம்ஸ் பிரைட் ஆகிய இருவரும் ‘பெகர்ஸ்டாஃப்’ என்ற கூட்டுப்பெயரில் காகிதத்தை வெட்டி ஒட்டி, கோடுகளைக் குறைத்து, பெரிய ஒற்றை வண்ணப் பரப்புகளால் உருவங்களை அமைத்தனர். ஜெர்மனியில் லூசியன் பெர்ன்ஹார்ட் ஒரு பொருள், ஒரு பெயர், ஒரு பின்னணி என்ற அளவுக்குச் சுவரொட்டியைச் சுருக்கினார். பிரிட்டனில் லண்டன் பாதாள ரயிலின் விளம்பரப் பொறுப்பை ஏற்ற ஃபிராங்க் பிக், எட்வர்ட் மெக்னைட் காஃபர் போன்ற இளம் வடிவமைப்பாளர்களுக்கு 1915 முதல் வாய்ப்பளித்தார். கடற்கரைச் சுவரொட்டிகளின் மாற்றம் இந்தப் பின்னணியில் நிகழ்ந்தது.

ஸ்கெக்னஸ் மீனவர்

நவீனத்துவக் கட்டத்துக்கு முந்தைய புகழ்பெற்ற கடற்கரைச் சுவரொட்டி 1908இல் கிரேட் நார்த்தர்ன் ரயில்வேக்காக ஜான் ஹசல் வரைந்தது. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து லிங்கன்ஷயர் கடற்கரை ஊரான ஸ்கெக்னஸுக்கு 3 ஷில்லிங் கட்டணத்தில் சென்றுவர விடப்பட்ட சிறப்பு ரயிலுக்கான விளம்பரம் அது. நீல மேலங்கியும் பெரிய பூட்ஸும் அணிந்து, வாயில் குழாய் வைத்த ஒரு பருத்த மீனவர் கைகளை விரித்து மணலில் துள்ளி ஓடுகிறார். ஹசலுக்கு இதற்காகக் கிடைத்தது 12 கினி. படம் வரைந்தபோது அவர் ஸ்கெக்னஸைப் பார்த்ததே இல்லை. 1936இல்தான் அந்த ஊருக்குச் சென்றார்.

இந்தச் சுவரொட்டியின் வாசகம் கவனிக்கத்தக்கது. ஸ்கெக்னஸின் காற்று உடலை முறுக்கேற்றிப் புத்துணர்ச்சி தரும் என்பதே அதன் சாரம். அதற்கு அவர்கள் பயன்படுத்திய ‘பிரேசிங்’ என்ற சொல், குளிர்காற்றைக் குறை என்று சொல்லாமல் குணம் என்று சொல்லும் சாமர்த்தியமான சொல். வடகடலின் ஓரத்தில், ஈஸ்டர் சமயத்தில், வெயிலை வாக்களிக்க முடியாது. எனவே குளிரையே விற்பனைப் பொருளாக்கினார்கள். மீனவரின் துள்ளல் மகிழ்ச்சியால் வந்ததா, குளிர் தாங்காமல் வந்ததா என்று பார்ப்பவர் சிரித்துக்கொள்ளவும் இடமிருந்தது.

ஹசலின் படம் கேலிச்சித்திர மரபைச் சேர்ந்தது. தடித்த கோடு, குணாதிசயம் கொண்ட முகம், ஒரு நகைச்சுவை ஆகியவை அதன் பலம். ஆனால் காலியான பின்னணியும் ஒற்றை உருவமும் அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டின. நவீனத்துவம் இந்தத் துறைக்குள் நுழைந்தபோது வெறுமையான இடத்துக்கு மக்கள் ஏற்கெனவே பழகியிருந்தார்கள்.

நான்கு நிறுவனங்கள், இரண்டு கொள்கைகள்

1921ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி, நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் 1923 ஜனவரி 1 அன்று நான்கு பெரும் நிறுவனங்களாக இணைக்கப்பட்டன. புதிய நிறுவனங்கள் தங்களுக்கென ஓர் அடையாளத்தை உருவாக்க வேண்டியிருந்தது. விளம்பரம் அதற்கான முதன்மைக் கருவியாயிற்று.

லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே, கடல் ஓவியரான நார்மன் வில்கின்சனின் யோசனைப்படி 1924இல் அரச கலைக்கழக உறுப்பினர்களைச் சுவரொட்டி வரைய அழைத்தது. கண்காட்சியில் மாட்டக்கூடிய எண்ணெய் ஓவியத்தை அச்சிட்டு, கீழே நிறுவனத்தின் பெயரைச் சேர்ப்பது என்பது இந்தக் கொள்கை. கலைக்கு மரியாதை இருந்தது. ஆனால் ஓவியம் ஒன்றும் வாசகம் ஒன்றுமாகப் பிரிந்து நின்றன. எனினும் அதே நிறுவனம்தான் 1928இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் கசாந்தரிடமிருந்து ஓர் இயந்திரவாதச் சுவரொட்டியைப் பெற்று வெளியிட்டது. இந்த வேறுபாடுகள் நிறுவனங்களுக்கு இடையே மட்டுமின்றி நிறுவனங்களுக்கு உள்ளேயும் இருந்தன.

லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே (சுருக்கமாக எல்.என்.இ.ஆர்.) வேறு வழியில் சென்றது. அதன் விளம்பர மேலாளர் வில்லியம் டீஸ்டேல் சுவரொட்டியை ஓவியத்தின் நகலாகப் பார்க்கவில்லை. தனக்கென விதிகள் கொண்ட ஓர் ஊடகமாகவே பார்த்தார். ஓவியர்களுக்குத் தலைப்பைக் கொடுத்துவிட்டு, செய்முறையில் தலையிடாமல் இருந்தார். 1926இல் டாம் பர்விஸ், ஃபிராங்க் நியூபோல்ட், ஃபிராங்க் மேசன், ஆஸ்டின் கூப்பர், ஃபிரெட் டெய்லர் ஆகிய ஐவரும் பிற ரயில் நிறுவனங்களுக்கு வரையக் கூடாது என்ற நிபந்தனையுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டனர். நிலையான வருமானம் கிடைத்ததால் இவர்களால் துணிந்து சோதனை செய்ய முடிந்தது. கலைஞரின் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு நிர்வாகியின் பொறுமை இருந்தது என்பதை இந்த வரலாற்றை எழுதுபவர்கள் தவிர்க்க முடியாது.

டாம் பர்விஸ்

டாம் பர்விஸ் 1888இல் பிரிஸ்டலில் பிறந்தார். லண்டன் கேம்பர்வெல் கலைப்பள்ளியில் பயின்று, விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றியபின் தனித்து இயங்கினார். 1923 முதல் இருபது ஆண்டுகள் எல்.என்.இ.ஆருக்காக வரைந்தார். ஆஸ்டின் ரீட் ஆடை நிறுவனத்துக்கான அவரது சுவரொட்டிகளும் புகழ்பெற்றவை. 1936இல் அரச கலைச் சங்கம் தொழில்துறை வடிவமைப்பாளர்களுக்கென ஒரு சிறப்புப் பட்டத்தை உருவாக்கியபோது முதலில் அதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். 1959இல் மறைந்தார்.

பர்விஸின் முறையை மூன்று விலக்கல்களாகச் சுருக்கிச் சொல்லலாம். முதலாவது, கோடு. உருவத்தைச் சுற்றி எல்லைக்கோடு வரைவதை அவர் கைவிட்டார். ஒரு வண்ணப் பரப்பு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறது, அந்த விளிம்பே உருவத்தைச் சொல்லிவிடுகிறது. சில இடங்களில் உருவத்தின் ஒரு பகுதியும் பின்னணியும் ஒரே வண்ணத்தில் கலந்துவிடும். விடுபட்ட விளிம்பைப் பார்ப்பவரின் கண் தானே நிரப்பிக்கொள்கிறது. இரண்டாவது, நிழற்பூச்சு. வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் படிப்படியாக மாறும் சாயல்கள் இல்லை. நிழலும் ஒரு தனி வடிவம், அதற்கும் ஒரே வண்ணம். மூன்றாவது, முகம். பெரும்பாலான உருவங்களுக்குக் கண், மூக்கு, வாய் கிடையாது. தலை சாய்ந்திருக்கும் கோணமும் உடல் நிற்கும் நிலையும்தான் மனநிலையைச் சொல்லுகின்றன.

கல்லச்சும் தட்டை வண்ணமும்

இந்த எளிமைக்கு அழகியல் காரணத்தோடு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல் அல்லது தகடு வேண்டும். ஒவ்வொரு தாளும் அத்தனை முறை இயந்திரத்தினுள் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் முந்தைய வண்ணத்தோடு இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். அரச கலைக்கழக ஓவியரின் எண்ணெய் ஓவியத்தை இப்படி அச்சிட, அதன் நூற்றுக்கணக்கான சாயல்களை அச்சகத்தின் கைவினைஞர்கள் புள்ளிகளாகவும் கீற்றுகளாகவும் கல்லில் மறுபடி வரைந்தாக வேண்டும். என்னதான் திறமை இருந்தாலும் மூலத்தின் பளபளப்பு குறைந்துதான் போகும்.

பர்விஸின் வடிவமைப்பு தொடக்கத்திலேயே அச்சைக் கருதி அமைந்தது. வண்ணங்கள் சில மட்டுமே. ஒவ்வொன்றும் கல்லில் திடமான பரப்பு. எனவே அச்சில் வருவது ஓவியத்தின் மங்கலான நகலாக இல்லாமல் மூலமாகவே இருக்கிறது. பொருளின் இயல்புக்கு நேர்மையாக இருத்தல் என்ற நவீனத்துவக் கட்டடக்கலைக் கோட்பாட்டுக்கு, காகிதத்திலும் மையிலும் கிடைத்த எடுத்துக்காட்டு இது. காங்கிரீட்டை மரம்போல் பூசக் கூடாது என்று கட்டடக் கலைஞர் சொன்னதும், கல்லச்சை எண்ணெய் ஓவியம்போல் நடிக்க வைக்கக் கூடாது என்று பர்விஸ் செய்து காட்டியதும் ஒரே சிந்தனையின் இரு கிளைகள்.

பார்க்கும் சூழலும் ஒரு காரணம். ரயில் சுவரொட்டியின் வழக்கமான அளவு 40 அங்குல உயரம், 25 அங்குல அகலம். அகலவாட்டு வடிவம் 40க்கு 50 அங்குலம். புகை படிந்த நிலையச் சுவரில், எதிர் நடைமேடையிலிருந்து, மங்கிய வெளிச்சத்தில் பார்க்கப்பட்டவை இவை. நுணுக்கம் அங்கே வீண். மஞ்சள் மணலும் நீலக் கடலும் அத்தனை தூரத்துக்கும் எட்டின. கரி மண்டிய நகரத்தின் நடுவில் ஒரு சன்னலைத் திறந்ததுபோல் அவை தெரிந்தன.

‘கிழக்குக் கடற்கரை இன்பங்கள்’

1931இல் வெளியான ‘கிழக்குக் கடற்கரை இன்பங்கள்’ என்ற வரிசை பர்விஸின் மிகப் பேசப்படும் படைப்பு. நடைப்பயணம், வெயில் காய்தல், குழந்தைகளின் பாதுகாப்பு, கடல் நீராடல், மீன்பிடித்தல், கடல் விளையாட்டு என்று எண்ணிடப்பட்ட ஆறு சுவரொட்டிகள் கொண்டது. ஒவ்வொன்றும் தனித்தனியே முழுமையானது. ஆறையும் வரிசையாக ஒட்டினால் கரையும் கடலும் தொடர்ந்து ஓடும் ஒரே அகன்ற காட்சியாகிறது.

இந்த அமைப்பில் ஒரு கூர்மையான சிந்தனை இருக்கிறது. பயணி சுவரொட்டியைப் பார்ப்பது ஒரே இடத்தில் நின்று அல்ல. நடந்துகொண்டே, அல்லது நகரும் வண்டியின் சன்னல் வழியாகப் பார்க்கிறார். ஆறு படங்களும் அடுத்தடுத்து கண்ணில் பட்டு ஒன்றோடொன்று இணையும்போது, கடற்கரை ஓரமாகப் பயணம் செய்வதன் அனுபவத்தையே சுவர் தந்துவிடுகிறது. ரயிலைப் படத்தில் காட்டாமலேயே ரயில் பயணத்தின் பார்வையைக் காட்டுவது இதன் சாதனை. கூடவே, ஒரு நிலையத்தில் இரண்டை மட்டும் ஒட்ட இடமிருந்தாலும் பயன் கெடுவதில்லை.

வாசகமும் தனிக் கவனத்துக்கு உரியது. பிரிட்டனின் ‘மழை குறைந்த பக்கம்’ என்று கிழக்குக் கடற்கரையை இந்த வரிசை அழைத்தது. இது உண்மை. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று நாட்டின் நடுவிலுள்ள மலைகளில் மழையைப் பொழிந்துவிட்டுக் கிழக்கே வருகிறது. எனவே கிழக்கில் மழை குறைவு. ஆனால் மழை குறைவு என்பதால் வெப்பம் என்று பொருளாகாது. வடகடல் நீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். கடலிலிருந்து எழும் மூடுபனி வெயில் நாளையும் திடீரென்று மூடிவிடும். வாசகம் ‘மழை குறைவு’ என்று அளந்து சொல்கிறது. வண்ணமோ மத்தியதரைக் கடலின் வெயிலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. எழுத்தில் பொய் இல்லை, மஞ்சளில் இருக்கிறது. ஹசல் குளிரை நகைச்சுவையாக ஒப்புக்கொண்டார். பர்விஸின் வண்ணம் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

எழுத்துரு

1928இல் டீஸ்டேலுக்குப் பின் விளம்பர மேலாளரான சிசில் டாண்ட்ரிட்ஜ், 1929இல் கில் சான்ஸ் எழுத்துருவை நிறுவனம் முழுவதற்குமான எழுத்தாக ஏற்றார். எரிக் கில் வடிவமைத்து மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட இந்த எழுத்து, முனைகளில் கொடுக்குகள் இல்லாதது. நிலையப் பெயர்ப்பலகை, கால அட்டவணை, சுவரொட்டி எல்லாம் ஒரே எழுத்தில் வந்தன. அதுவரை ஒவ்வொரு அச்சகமும் தன் கையிருப்பிலுள்ள எழுத்துகளைக் கலந்து பயன்படுத்திவந்தது.

பர்விஸின் தட்டை வண்ணத்துக்கு இந்த எழுத்து இயல்பாகப் பொருந்தியது. இரண்டிலும் அலங்காரம் இல்லை. படமும் எழுத்தும் ஒரே கையால் அமைந்ததுபோன்ற ஒருமை உருவானது. ஒரு நிறுவனத்துக்கு ஒரே காட்சி அடையாளம் என்று இன்று வழங்கும் கருத்துக்கு, லண்டன் பாதாள ரயிலுடன் சேர்த்து எல்.என்.இ.ஆரையும் முன்னோடியாகச் சொல்லலாம்.

பிரெஞ்சு ரிவியேரா: ஓர் ஒப்பீடு

இதே ஆண்டுகளில் பிரான்சில் பாரிஸ்–லியோன்–மத்தியதரைக்கடல் ரயில் நிறுவனத்துக்காக ரோஜே ப்ரோடேர் வரைந்த சுவரொட்டிகளோடு பர்விஸை ஒப்பிடுவது பயன் தரும். ப்ரோடேரும் தட்டை வண்ணத்தையும் தெளிந்த விளிம்பையும் பயன்படுத்தினார். ஆனால் அவர் படங்களில் இடம் அடையாளம் தெரியும். மலையின் வளைவு, கோட்டையின் சுவர், பனைமரம், வளைகுடாவின் வடிவம் ஆகியவை இது இன்ன ஊர் என்று சொல்லும். கோர்சிகாவின் கால்வி கடற்கரைக்கு அவர் வரைந்த படம் கால்விக்கு மட்டுமே பொருந்தும்.

ரிவியேராவுக்கு ஒரு குறிப்பான வேலையும் இருந்தது. அது நெடுங்காலமாகப் பணக்காரர்கள் குளிர்காலத்தில் தங்கும் இடம். கோடையில் விடுதிகள் மூடப்பட்டுவிடும். 1920களில்தான் வெயில் காய்வது நாகரிகமாகி, கோடைப் பருவமும் உருவானது. ஆண்டு முழுவதும் வெயில் என்று அறிவித்த ப்ரோடேரின் சுவரொட்டி இந்த மாற்றத்தின் பிரசாரம். அவர் விற்க வேண்டியிருந்தது புதிய பருவத்தை. பர்விஸ் விற்க வேண்டியிருந்ததோ இல்லாத பருவநிலையை. அதனால்தான் பர்விஸ் இன்னும் கூடுதலாகச் சுருக்க வேண்டியிருந்தது. வானத்தையும் நீரையும் நுணுக்கமாக வரைந்தால் வடகடல் தன் நிறத்தைக் காட்டிவிடும்.

கசாந்தருடன் ஒப்பிட்டாலும் ஒரு வேறுபாடு தெரிகிறது. 1927இல் வெளிவந்த அவரது ‘நோர் எக்ஸ்பிரஸ்’ சுவரொட்டியில் இயந்திரம்தான் நாயகன். வேகம், எஃகு, தந்திக் கம்பிகள் எல்லாம் கொண்டாடப்படுகின்றன. பிரிட்டிஷ் கடற்கரைச் சுவரொட்டிகளோ நவீன முறையில் வரையப்பட்டு, நவீன வாழ்க்கையிலிருந்து தப்பிக்கும் இடத்தைக் காட்டின. இயந்திர யுகத்தின் காட்சிமொழியை வைத்து இயந்திரத்தை மறக்கச் செய்தன. நவீனத்துவத்தின் இந்த இரட்டை வேடம் கடற்கரைச் சுவரொட்டியில் தெளிவாகவே தெரிகிறது.

விமர்சனம்: காட்டப்படாதவை

இந்தச் சுவரொட்டிகளைப் பற்றிய பாராட்டுரைகள் பெரும்பாலும் வண்ணத்திலும் வடிவத்திலும் நின்றுவிடுகின்றன. படத்தில் எவை விலக்கப்பட்டன என்பதும் வடிவமைப்பின் பகுதியே.

முதலில் விலக்கப்பட்டது கூட்டம். 1930களின் ஆங்கிலக் கடற்கரையின் முதல் உண்மை நெரிசல். ஆலை நகரங்களில் குறிப்பிட்ட வாரத்தில் எல்லா ஆலைகளும் மூடப்பட்டு, ஊரே திரண்டு கடற்கரைக்குச் சென்றது. பெட்டிகள் நிரம்பி வழிந்தன, தங்கும் விடுதிகளில் ஓர் அறையில் ஒரு குடும்பம் முடங்கியது. சுவரொட்டியிலோ ஒன்றிரண்டு உருவங்கள், எல்லையற்ற மணல். நெரிசலில் வாழ்பவர்களுக்கு வெறுமையைவிடப் பெரிய ஆசை வேறில்லை என்பதை வடிவமைப்பாளர் அறிந்திருந்தார். அந்த ஆசையை நம்பி எல்லோரும் கிளம்பும்போது வெறுமை இல்லாமலாகிறது.

அடுத்து, வயதும் வறுமையும். பர்விஸின் மனிதர்கள் இளைஞர்கள், ஒல்லியானவர்கள், புத்தாடை அணிந்தவர்கள். முகம் இல்லாததால் யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கலாம் என்பது உண்மை. அதில் ஒரு ஜனநாயகத் தன்மையைக் காண்பவர்கள் உண்டு. ஆனால் முகம்தான் பொதுவானது, உடல் பொதுவானதல்ல. நீச்சலுடை அணிந்த பெண்ணின் வெயிலில் பழுத்த உடல் இந்தக் காலத்தில்தான் கடற்கரையின் சின்னமாக நிலைபெற்றது. இன்றுவரை சுற்றுலா விளம்பரம் அதை விடவில்லை.

ஆறு சுவரொட்டி வரிசை வெளிவந்த 1931இல் பிரிட்டனில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையின்றி இருந்தனர். எல்.என்.இ.ஆரின் வருமானம் சரக்குப் போக்குவரத்தை, குறிப்பாக வடகிழக்கின் நிலக்கரியை, பெரிதும் நம்பியிருந்தது. சுரங்கங்களும் கப்பல் கட்டும் தளங்களும் முடங்கியபோது நிறுவனமும் தளர்ந்தது. பயணிகளை ஈர்க்கும் தேவை அப்போது கூடியது. வேலையிழந்தவர் காத்திருந்த அதே நிலையங்களில் இந்த மஞ்சள் மணல் ஒட்டப்பட்டது. சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் வந்தது 1938இல்தான். அதுவரை உடலுழைப்பாளர் பெரும்பாலோருக்குக் கடற்கரை என்பது ஒரு நாள் பயணம், அல்லது ஓராண்டுச் சேமிப்பைக் கரைத்து எடுத்த சம்பளமற்ற ஒரு வாரம். சுவரொட்டி எல்லோர் கண்ணுக்கும் எட்டியது, அது காட்டிய ஓய்வு அப்படி எட்டவில்லை.

மூன்றாவதாக விலக்கப்பட்டது ஊர். பர்விஸின் கிழக்குக் கடற்கரைக்குத் தனி முகம் கிடையாது. கீழுள்ள எழுத்தை மாற்றினால் அது வேறெந்தக் கடற்கரைக்கும் பொருந்தும். நிறுவனத்தின் நோக்கில் இது குறையல்ல. நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ள கரை முழுவதையும் ஒரே பெயரில் விற்கவே அது விரும்பியது. ஆனால் ஊர்களின் நோக்கில் இது இழப்பு. இங்கே ஒரு முரண் இருக்கிறது. வடிவமைப்பு வரலாற்று நூல்கள் பர்விஸைக் கொண்டாடுகின்றன. ஸ்கெக்னஸ் ஊரோ ஹசலின் மீனவரைத்தான் இன்றும் தன் சின்னமாக வைத்திருக்கிறது, அவருக்குச் சிலையும் இருக்கிறது. எல்.என்.இ.ஆரே அந்த மீனவரைக் கைவிட முடியாமல் நியூபோல்டைக் கொண்டு மறுபடி வரையவைத்தது. ஓர் ஊர் தன்னை அடையாளம் காண்பதற்கு முகம் தேவைப்படுகிறது. முகத்தை நீக்கிய நவீனத்துவம் கலைக்கு ஒரு புதிய மொழியைத் தந்தது, ஊருக்கு நினைவில் நிற்கும் உருவத்தைத் தரவில்லை.

கட்டடமாகிய சுவரொட்டி

1930களில் சுவரொட்டியின் அழகியல் கரையிலேயே எழுந்தது என்றும் சொல்லலாம். லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே 1933இல் மோர்கம் கடற்கரையில் ஆலிவர் ஹில் வடிவமைத்த மிட்லண்ட் ஹோட்டலைத் திறந்தது. கடலைப் பார்த்து வளைந்த வெள்ளைச் சுவர், எரிக் கில்லின் சிற்பங்கள் என்று அது அமைந்தது. தெற்கே பெக்ஸ்ஹில்லில் எரிக் மெண்டல்சன், செர்ஜ் செர்மாயெஃப் ஆகியோர் வடிவமைத்த டி லா வார் அரங்கம் 1935இல் திறக்கப்பட்டது. வெள்ளைப் பரப்பு, கிடைக்கோடு, கண்ணாடி, அலங்காரமின்மை ஆகிய இவற்றின் இயல்புகளை மக்கள் ஏற்கெனவே காகிதத்தில் பார்த்திருந்தார்கள். பிரிட்டிஷ் பொதுமக்கள் வீடுகளில் ஏற்கத் தயங்கிய நவீனத்துவத்தை விடுமுறை இடத்தில் ஏற்றுக்கொண்டதற்குச் சுவரொட்டிகள் தந்த பழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

போரும் பிறகும்

1939இல் போர் தொடங்கியதும் இந்தக் கலைக்கு அடிப்படையான காட்சியே மறைந்தது. கிழக்கு, தெற்குக் கரைகளில் முள்வேலிகளும் கண்ணிவெடிகளும் வந்தன. எதிரி இறங்காமல் தடுக்கக் கடற்பாலங்கள் இடையில் துண்டிக்கப்பட்டன.

சுவரொட்டிக் கலைஞர்கள் போர்ப் பணிக்குச் சென்றனர். ஃபிராங்க் நியூபோல்ட் போர் அலுவலகத்தில் ஏப்ரம் கேம்ஸின் உதவியாளராகச் சேர்ந்தார். 1942இல் வெளியான ‘உங்கள் பிரிட்டன், அதற்காகப் போரிடுங்கள்’ என்ற வரிசையில் இருவரும் வரைந்தனர். நியூபோல்ட் வரைந்த தெற்குச் சமவெளிக் குன்றுகளின் படம் ஒரு ரயில் சுவரொட்டியைப் போலவே இருக்கிறது. கேம்ஸோ இடிபாடுகளில் நிற்கும் எலும்பு நோயுற்ற குழந்தைக்கு முன்னால் புதிய சுகாதார மையம் ஒன்றின் நவீனக் கட்டடத்தை வரைந்தார். அது விலக்கிக்கொள்ளப்பட்டது. விடுமுறைச் சுவரொட்டி மறைத்த பிரிட்டனை அதே நவீனத்துவ மொழியில் காட்ட முடியும் என்பதற்கு அந்தப் படம் சான்று. அதை மக்கள் முன் வைக்க அதிகாரம் விரும்பவில்லை என்பதற்கும் அதுவே சான்று.

1948இல் ரயில்வே நாட்டுடைமையாக்கப்பட்டது. சுவரொட்டிகள் தொடர்ந்தாலும் துணிச்சல் குறைந்தது, நிழற்படம் மெல்ல இடம்பிடித்தது. 1960களில் பல கடற்கரைப் பாதைகளே மூடப்பட்டன. விட்பி–ஸ்கார்பரோ பாதை 1965இலும் ஹன்ஸ்டன்டன் பாதை 1969இலும் மூடப்பட்டன. மலிவான விமானப் பயணம் வந்தபின், பர்விஸின் மஞ்சள் வாக்களித்த வெயிலைத் தேடி மக்கள் உண்மையாகவே ஸ்பெயினுக்குச் சென்றார்கள்.

மதிப்பீடு

யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இந்தச் சுவரொட்டிகளைப் பெருமளவில் பாதுகாக்கிறது. சுவரில் ஒட்டிக் கிழித்துப் போடுவதற்காக அச்சிடப்பட்டவை இன்று ஏலத்தில் விலை போகின்றன. தேநீர்க் கோப்பையிலும் துணியிலும் மறு அச்சாக விற்கின்றன. இன்றைய கடற்கரை ஊர்கள் சிலவற்றுக்கு 1930களின் பாணியைப் போலி செய்த புதிய சுவரொட்டிகளும் வருகின்றன. ஒட்டப்பட்ட நாளில் நாளைய உலகைக் குறித்த ஒரு காட்சிமொழி, இன்று நேற்றைய உலகின் மீதான ஏக்கத்தை விற்கப் பயன்படுகிறது.

இந்த ஏக்கம் படைப்பின் கூர்மையை மறைத்துவிடுகிறது. பர்விஸின் சாதனை இதமான வண்ணங்களைத் தேர்ந்தது மட்டுமன்று. அச்சின் இயல்பு, பார்வையின் வேகம், நிலையத்தின் வெளிச்சம், வாங்குபவரின் ஆசை ஆகிய நான்கையும் கணக்கில் கொண்டு, தேவையற்ற எதையும் அனுமதிக்காத ஒரு முறையை அவர் உருவாக்கினார். வடிவமைப்பு பயிலும் மாணவர் அவரிடம் கற்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான். கூடவே இன்னொன்றையும் கற்க வேண்டும். ஒரு வடிவமைப்பாளர் எளிமைக்காக எதை நீக்குகிறார் என்பது கலைத் தீர்மானமாகத் தோன்றினாலும், நீக்கப்படுவது கோடா, நிழலா, மனிதரா என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. கிழக்குக் கடற்கரைச் சுவரொட்டிகளில் இந்த மூன்றும் ஒரே கையசைவில் நீக்கப்பட்டன. அவற்றின் அழகை ரசிப்பதற்கும் அவற்றைக் கேள்வி கேட்பதற்கும் தொடக்கப்புள்ளி அதுவே.